தீ போகிற போக்கில் சமையல்: பெங்களூரிலிருந்து குடும்பத்தோடு முகாம் போகிறவர்களுக்கு

கேஸ் அடுப்பில் தீயைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு திருகு இருக்கிறது. விறகுத் தீக்கு அது கிடையாது. மூட்டியதும் பாய்ந்து எரியும், அப்புறம் அடங்கும், பிறகு தணலாகும், கடைசியில் சாம்பலுக்குள் சூடு மட்டும் நிற்கும். முகாமில் முதல்முறை சமைக்கிறவர்கள் திணறுவது இங்கேதான். பணியாரம் ஊற்ற வேண்டிய நேரத்தில் தீ பாய்ந்துகொண்டிருக்கும். சோறு கொதிக்க வேண்டிய நேரத்தில் தணல்தான் மிஞ்சியிருக்கும்.

தீயை நம் வேளைக்கு இழுப்பதைவிட, சமையலைத் தீயின் வேளைக்கு அடுக்கிக்கொள்வது எளிது. முதலில் கொதிக்க வேண்டியது, அடுத்து கல்லில் வேக வேண்டியது, பிறகு தணலில் சுட வேண்டியது, கடைசியில் சாம்பலில் புதைக்க வேண்டியது. இந்த வரிசை பிடிபட்டுவிட்டால் விறகடுப்பையே தொட்டிராதவர்கள்கூட நான்கு பேருக்குத் தாராளமாகச் சமைத்துவிடலாம். இங்கே தரும் அளவெல்லாம் பெரியவர்கள் இரண்டு பேர், பிள்ளைகள் இரண்டு பேர், சனிக்கிழமை போய் ஞாயிறு திரும்புவது என்ற கணக்கில்.

முதலில் இடம்

பெங்களூரைச் சுற்றி மலைக்கும் பாறைக்கும் ஏரிக்கும் குறைவில்லை. ஆனால் கண்ணுக்குப் பிடித்த இடத்தில் எல்லாம் அடுப்பு மூட்டிவிட முடியாது. சாவனதுர்கா, ஸ்கந்தகிரி போன்ற மலைகள் வனத்துறையின் பொறுப்பில் இருப்பவை. பன்னேருகட்டா தேசியப் பூங்கா, காவிரி வனவிலங்குச் சரணாலயம் பற்றிச் சொல்லவே வேண்டாம். காப்புக்காட்டில் தீ மூட்டுவது 1963-ஆம் ஆண்டு கர்நாடக வனச் சட்டப்படி குற்றம். சரணாலயத்துக்குள் என்றால் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். 2018 மார்ச்சில் தேனி குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி, மலையேறப் போனவர்கள் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். மறு ஆண்டு பிப்ரவரியில் பந்திப்பூரில் ஆயிரக்கணக்கான ஏக்கர் காடு எரிந்தது. காய்ந்த புல்லுக்கு ஒரு பொறி போதும்.

அதனால் தனியார் தோட்டம், பண்ணை வீடு, முறையாக நடத்தப்படும் முகாம் இடம், இவைதான் குடும்பத்துக்குச் சரி. கனகபுரா சாலை, ராமநகரம், மாகடி, சிக்கபள்ளாப்பூர், ஓசூரைத் தாண்டினால் தேன்கனிக்கோட்டை என்று எல்லாப் பக்கமும் இருக்கின்றன. முன்பதிவு செய்வதற்கு முன் போனில் சில கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். நாங்களே சமைக்கலாமா? பல இடங்களில் இரவில் சுற்றி உட்காரத் தீ மூட்டித் தருவார்கள், சாப்பாடு அவர்கள் சமையலறையிலிருந்துதான் வரும். விறகு கிடைக்குமா, அது கூரைக்குக் கீழ் அடுக்கியிருக்கிறதா? தீ மூட்டத் தனி இடம் உண்டா? யானை வரும் பக்கமா? கனகபுரா, ஆனேக்கல், தேன்கனிக்கோட்டைப் பக்கங்களில் இந்தக் கடைசிக் கேள்வியை விடவே கூடாது. யானை நடமாட்டம் இருக்கிறது என்று சொன்னால் வேறு இடம் பாருங்கள். பிள்ளைகளை வைத்துக்கொண்டு அந்தச் சோதனை தேவையில்லை.

நவம்பரிலிருந்து பிப்ரவரி நடுப்பகுதி வரை நல்ல காலம். மார்ச் முதல் மே வரை புல்லும் சருகும் காய்ந்து கிடக்கும், திறந்த தீயே வேண்டாம். ஜூனிலிருந்து அக்டோபர் வரை விறகு நனைந்திருக்கும், பாதி நேரம் புகையோடு போய்விடும்.

டிசம்பரில் ஆறு மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடுகிறது. வெளிச்சத்திலேயே சமையலின் பெரும்பகுதி முடிய வேண்டுமானால் மூன்றரைக்கு இடத்தில் இருக்க வேண்டும், நாலரைக்குத் தீ மூட்ட வேண்டும். சனிக்கிழமை மதியம் சில்க் போர்டு, கே.ஆர்.புரம் போக்குவரத்தைத் தாண்டி இதைச் சாதிக்க, வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுச் சீக்கிரம் கிளம்புவதுதான் வழி.

வெள்ளிக்கிழமை இரவு

நறுக்குவது, உரிப்பது, அளப்பது, அரைப்பது எல்லாம் வீட்டில். திறந்தவெளியில் குனிந்து உட்கார்ந்து வெங்காயம் நறுக்கும்போதுதான் எறும்பும் தூசியும் அலுப்பும் சேர்ந்து வரும்.

ஒன்றரைக் கப் சோனா மசூரி அரிசி, லேசாக வறுத்த அரைக் கப் பாசிப்பருப்பு, கால் டீஸ்பூன் மஞ்சள்தூள், மூன்றையும் ஒரே டப்பாவில் போடுங்கள். இது இரவுச் சோற்றுக்கு. கொங்குப் பக்கம் அரிசிம்பருப்புச் சோறு என்று துவரம்பருப்பில் செய்வதைத்தான் இங்கே பாசிப்பருப்பில் செய்யப்போகிறோம். காரணம் இருக்கிறது. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; இங்கே தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு வேக வெகுநேரம் பிடிக்கும். பாசிப்பருப்பு அரிசியோடு சேர்ந்தே வெந்துவிடும்.

இன்னொரு சின்ன டப்பாவில் தாளிப்பு: கடுகு, சீரகம், பத்துப் பன்னிரண்டு மிளகு, மூன்று வரமிளகாய், ஐந்தாறு பல் பூண்டு, கறிவேப்பிலை. வேறொன்றில் உரித்த சின்ன வெங்காயம் இரண்டு கைப்பிடி. தக்காளியை முழுசாகவே கொண்டுபோங்கள், நறுக்கினால் வழியில் நீர்விடும்.

பணியாரத்துக்கு இட்லி மாவு அரை லிட்டர் போதும். தாளித்து ஆறவைத்த கடுகு, உளுத்தம்பருப்பு, வெங்காயத்தைத் தனியாக எடுத்துக்கொண்டு அங்கே கலந்துகொள்ளலாம். மாவு டப்பாவைப் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். கார் வெயிலில் நின்றால் மாவு பொங்கி மூடியைத் தள்ளிவிடும். ஐஸ் பெட்டிக்குள்தான் அதன் இடம். பெட்டிக்கு ஐஸ் கட்டி வாங்க வேண்டாம். தண்ணீர் பாட்டில்களை முக்கால் நிரப்பி முந்தின நாள் ஃப்ரீசரில் வைத்துவிட்டால் அதுவே ஐஸ், மறுநாள் அதுவே குடிநீர். பாலுக்கு நந்தினி குட்லைஃப் போன்ற, பிரிக்கும்வரை வெளியிலேயே இருக்கும் வகை வசதி.

கறி இல்லாமல் சாப்பாடா என்று கேட்கும் வீடுகள் உண்டு. முதல் பயணத்தில் முட்டையோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்பதே என் கருத்து. கோழி வேண்டும் என்றால் எலும்பில்லாத சிறு துண்டுகளாக மசாலா பிரட்டி, கெட்டியாக உறையவைத்து, ஐஸ் பெட்டியின் அடியில் தனி டப்பாவில் வையுங்கள். அன்று மாலையே சமைத்துவிட வேண்டும். வீட்டில் பாதி வேகவைத்து மீதியை அங்கே பார்த்துக்கொள்ளலாம் என்ற யோசனை ஆபத்தானது. அரைவேக்காட்டுக் கறியில் கிருமிகள் சாகாமல் வெதுவெதுப்பில் பெருகும். ஒன்று முழுசாகச் சமைத்துக் கொண்டுபோங்கள், இல்லையென்றால் முழுப் பச்சையாக.

பாத்திரம் அதிகம் வேண்டாம். மூடியோடு ஐந்து லிட்டர் குண்டான் ஒன்று, அடி கனமானதாக. பால், தேநீருக்கு ஒரு சின்னப் பாத்திரம். இரும்புப் பணியாரக்கல். நான்ஸ்டிக் எதையும் எடுக்காதீர்கள். அதன் பூச்சு 260 டிகிரிக்கு மேல் கெட ஆரம்பிக்கும், விறகுத் தீ அதைச் சுலபமாகத் தாண்டிவிடும். குக்கரும் வேண்டாம். பக்கவாட்டில் ஏறும் தீயில் அதன் கைப்பிடியும் ரப்பர் வளையமும் உருகும். நீளப் பிடியுள்ள கரண்டி, இடுக்கி, ஊதுகுழல், தணலை இழுக்க ஒரு சின்ன இரும்புக் கரண்டி அல்லது கொத்து, தடிமனான பருத்தித் துணிகள், நெற்றியில் கட்டும் டார்ச் வேண்டும். பிடிதுணி எப்போதும் காய்ந்திருக்கட்டும். ஈரத்துணியால் கொதிக்கும் பாத்திரத்தைப் பிடித்தால் சூடு நொடியில் ஊடுருவி, ஆவி கையைச் சுட்டுவிடும்.

தண்ணீருக்கு இருபது லிட்டர் கேன் இரண்டு. ஒன்று குடிக்க, சமைக்க. மற்றது கழுவ, தீயணைக்க.

அடுப்பும் விறகும்

கூடாரத்திலிருந்து குறைந்தது பதினைந்து அடி தள்ளி, மேலே மரக்கிளை இல்லாத வெறும் மண்தரையைப் பாருங்கள். அடுப்பைச் சுற்றி எல்லாப் பக்கமும் இரண்டு மூன்று அடி தூரத்துக்குச் சருகையும் புல்லையும் கூட்டித் தள்ளுங்கள். நைலான் கூடாரத்தில் ஒரு பொறி விழுந்தாலே ஓட்டை விழும், அதனால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, கூடாரத்துக்கு எதிர்த் திசையில் புகை போகும்படி வையுங்கள். பெங்களூர்ப் பக்கத்துப் பெரும்பாறைகளின்மேல் அடுப்பு மூட்டும் ஆசை வரும். வேண்டாம். சூட்டில் கருங்கல் சில்லுசில்லாகப் பெயரும், கறுப்புத் தழும்பு பல வருஷம் போகாது.

கல்லுக்கு மூன்று செங்கல் சிறந்தது. ஆற்றிலும் ஏரிக்கரையிலும் கிடக்கும் உருண்டைக் கற்களை எடுக்கக் கூடாது. உள்ளே ஊறிய நீர் ஆவியாகிக் கல் வெடித்துத் தெறிக்கும். கல்லைப் புரட்டும் முன் ஒரு குச்சியால் தட்டிப் பாருங்கள், தேள் இருக்கலாம். மூன்று கல்லையும் குண்டானின் அடி உட்காரும் அகலத்துக்கு வைத்து, வாய்ப்பக்கம் காற்று வரும் திசையைப் பார்க்கட்டும். பக்கத்தில் இன்னும் இரண்டு கல்லை வைத்து ஒரு சின்ன இடம் விடுங்கள். ஊர் வீடுகளில் பெரிய அடுப்போடு ஒட்டியிருக்கும் கொடியடுப்பு செய்யும் வேலையை இது செய்யும். இங்கே தனியாக விறகு வைப்பதில்லை. பெரிய அடுப்பின் தணலை இரண்டு கரண்டி இழுத்துப் போட்டு, பாத்திரத்தைச் சூடு ஆறாமல் வைக்கவும் தம் போடவும் பயன்படுத்துவோம். முழுச் சமையலும் இந்தச் சின்ன இடத்தால்தான் சுலபமாகிறது.

மாலை, இரவு, மறுநாள் காலை எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பத்துப் பதினைந்து கிலோ விறகு தாராளம். சவுக்கு, புளி, யூகலிப்டஸ் நன்றாக எரியும். இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று ஓசை வர வேண்டும். மொத்தென்று வந்தால் உள்ளே ஈரம். தேங்காய்ச் சிரட்டையை வீட்டில் ஒரு மாதம் சேர்த்து வைத்தாலே பத்துப் பதினைந்து கிடைக்கும். அது நல்ல கங்கு தரும். இஸ்திரி வண்டிக்காரர்கள் கரி வாங்கும் கடையில் இரண்டு கிலோ மரக்கரியும் வாங்கி வைத்துக்கொண்டால், விறகு ஏமாற்றினாலும் தணலுக்குப் பஞ்சம் வராது.

எரிக்கக் கூடாதவையும் இருக்கின்றன. பெயின்ட் அடித்த பலகை, ப்ளைவுட், பிளாஸ்டிக் உறை. அரளி. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பண்ணை வீடுகளின் வேலியெல்லாம் அரளியாக இருக்கிறது. அதன் குச்சி, இலை, புகை எல்லாமே நஞ்சு. சோளம் குத்திச் சுட நேரான குச்சி தேடும் பிள்ளைகளின் கை முதலில் அங்கேதான் போகும். கம்பி கொண்டுபோய்விடுங்கள், குச்சியே தேட வேண்டாம். இருட்டிய பிறகு விறகுக் குவியலில் வெறுங்கையை விடாதீர்கள். ராத்திரிக்கு வேண்டிய விறகை வெளிச்சத்திலேயே எடுத்து அடுப்பருகே அடுக்கிவிடுங்கள். பாம்புக்குப் பிடித்த இடம் அது.

தீ மூட்ட

மண்ணெண்ணெய், பெட்ரோல் எதுவும் வேண்டாம். நம் வீட்டுச் சாமி அறையில் இருக்கும் கற்பூரம் போதும். தேங்காய் நாரைப் பிய்த்து உருட்டிக் கூடு போல வைத்து, நடுவில் மூன்று நான்கு கற்பூரக் கட்டி. அதன்மேல் தீக்குச்சி கனத்துக்குச் சிராய், அடுத்து சுண்டுவிரல் கனத்துக்குச் சுள்ளி, காற்று நுழைய இடம் விட்டுக் கூம்பாக. பற்றவைத்ததும் ஊதாதீர்கள். சுள்ளி படபடவென்று பிடித்த பிறகு மணிக்கட்டுக் கனமுள்ள கட்டைகளை ஒவ்வொன்றாக, வாய்ப்பக்கம் வழியாக உள்ளே தள்ளுங்கள். புகை அதிகம் வந்தால் கட்டைகள் நெருங்கிக் கிடக்கின்றன என்று பொருள், சற்று விலக்குங்கள். கற்பூரம் முழுசாக எரிந்து தீரும்வரை பாத்திரத்தை ஏற்ற வேண்டாம்.

ஏற்றும் முன் குண்டானின் வெளிப்புறத்தில், அடியிலும் பக்கத்திலும், குழைத்த மண்ணையோ பாத்திரம் கழுவும் சோப்பையோ மெல்லிசாகப் பூசிவிடுங்கள். கரி அதன்மேல்தான் படியும். கழுவும்போது பூச்சோடு வந்துவிடும்.

பாயும் தீயில்: தேநீரும் சோறும்

முதல் கால் மணி நேரத் தீ கொதிக்கவைக்க மட்டுமே லாயக்கு. அதில் பெரியவர்களுக்குத் தேநீர், பிள்ளைகளுக்குப் பால். குளிர் ஏறும் முன் கருப்பட்டி போட்டுச் சுக்குக் காப்பி வைத்தாலும் நன்றாக இருக்கும். அதே நேரத்தில் அரிசி, பருப்பைக் களைந்து ஊறவைத்துவிடுங்கள். அரை மணி ஊறட்டும்.

அப்புறம் குண்டானை ஏற்றி மூன்று மேசைக்கரண்டி எண்ணெய். தாளிப்பு டப்பாவைக் கவிழ்க்கும் முன் இரண்டு கட்டையை வெளியே இழுத்துத் தீயைக் குறைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் கடுகு வெடிப்பதற்குள் மிளகாய் கருகிவிடும். விறகடுப்பில் திருகு என்பது இந்தக் கட்டைகள்தான்: உள்ளே தள்ளினால் கூடும், வெளியே இழுத்தால் குறையும். வெங்காயம் நிறம் மாறியதும் இரண்டு தக்காளியை நறுக்கிப் போட்டு, குழைந்ததும் ஆறரைக் கப் தண்ணீரும் இரண்டு டீஸ்பூன் உப்பும். வீட்டில் குக்கருக்கு ஊற்றுவதைவிட இது கூடத்தான். திறந்த தீயில் ஆவி நிறையப் போகும்.

கட்டைகளை மறுபடி உள்ளே தள்ளிக் கொதிக்கவிட்டு, ஊறிய அரிசி பருப்பைப் போடுங்கள். அடி பிடிக்காமல் இரண்டு மூன்று முறை கிளறினால் போதும். பத்துப் பன்னிரண்டு நிமிஷத்தில் தண்ணீர் வற்றி, அரிசி மட்டத்துக்கு வந்து, மேலே குழி குழியாகத் தெரியும். அப்போது குண்டானை இரண்டு பேர் சேர்ந்து கொடியடுப்பு இடத்துக்கு மாற்றுங்கள். கீழே இரண்டு கரண்டித் தணல், மூடியின்மேல் ஒரு கரண்டித் தணல். ஆம்பூர்ப் பிரியாணிக்குத் தம் போடுவதைப் போலத்தான். கால் மணி நேரம் திறக்கக் கூடாது. திறந்ததும் நெய் இரண்டு கரண்டி. அதன்பிறகு மூடியே இருக்கட்டும், இரவுச் சாப்பாடுவரை சூடு நிற்கும்.

அடங்கிய தீயில்: பணியாரம்

சோறு தம்மில் இருக்கும்போதே பிள்ளைகளுக்குப் பசி வந்துவிடும். பெரிய அடுப்பில் இப்போது சுடர் குறைந்து, கட்டைகள் சிவந்து, இடையிடையே சின்னத் தீ மட்டும் இருக்கும். பணியாரத்துக்கு இதைவிடப் பொருத்தமான சூடு கிடையாது. பாயும் தீயில் ஊற்றினால் வெளியே கறுத்து உள்ளே மாவாகவே இருக்கும்.

கல்லை நன்றாகக் காயவிட்டுத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். துளி சொய்யென்று துள்ளி ஓட வேண்டும். குழிக்கு அரை டீஸ்பூன் நல்லெண்ணெய், முக்கால் குழி மாவு, மூடி. மூன்று நிமிஷத்தில் கம்பியால் திருப்பலாம். நடுக்குழிகள் சீக்கிரம் வேகும், ஓரத்துக் குழிகள் தாமதமாகும். கல்லை அவ்வப்போது கால் சுற்றுத் திருப்பி வைத்தால் சரியாகிவிடும். ஏழெட்டு வயதுக்கு மேல் உள்ள பிள்ளைகளை, பக்கத்தில் பெரியவர் ஒருவர் உட்கார்ந்துகொண்டு, பணியாரம் திருப்பவிடலாம். அவர்கள் மணிக்கணக்காக அடுப்பை விட்டு நகர மாட்டார்கள். மாவு தீர்ந்ததும் அதே குழிகளில் முட்டையை அடித்து ஊற்றி, மிளகுத்தூள் தூவினால் முட்டைப் பணியாரம்.

இதற்குத் தொட்டுக்கொள்ள, தணலின் ஓரத்தில் ஒரு பெரிய கத்திரிக்காயை வையுங்கள். வைக்கும் முன் நான்கைந்து இடத்தில் கத்தியால் குத்திவிட வேண்டும், இல்லையென்றால் வெடிக்கும். திருப்பித் திருப்பிச் சுட்டு, தோல் கருகி உள்ளே தொளதொளவென்று ஆனதும் உரித்து, பச்சைமிளகாய், உப்பு, புளித்தண்ணீர், நறுக்கிய சின்ன வெங்காயம், கொஞ்சம் எண்ணெய் விட்டுப் பிசைந்தால் சட்னி முடிந்தது. புகை வாசத்தோடு இருக்கும் இந்தக் கத்திரிக்காய் கேஸ் அடுப்பில் வரவே வராது.

தணலிலும் சாம்பலிலும்

ஆறு மணிக்குமேல் தணல்தான். மக்காச்சோளத்தை மட்டையோடு கால் மணி நேரம் தண்ணீரில் ஊறப்போட்டு, அப்படியே தணல்மேல் வைத்துப் பதினைந்து இருபது நிமிஷம் திருப்புங்கள். மட்டை கருகும், உள்ளே மணிகள் ஆவியில் வெந்திருக்கும். உரித்து ஒரு நிமிஷம் நேரடியாகத் தணலில் காட்டி, எலுமிச்சை, உப்பு, மிளகாய்த்தூள் தேய்த்துக் கொடுங்கள். இடுக்கியில் பிடித்து அப்பளம் சுடுவதும் இப்போதுதான். பத்து நொடி, திருப்பினால் இன்னும் சில நொடி. பருப்புச் சோற்றுக்கு இந்த அப்பளமும் வீட்டிலிருந்து கொண்டுவந்த ஊறுகாயும் இருந்தால் வேறு பொரியல் தேட வேண்டாம்.

சக்கரவள்ளிக் கிழங்கைச் சாப்பிட உட்காரும் முன்பே புதைத்துவிடுங்கள். ஒல்லியானவையாகப் பார்த்து வாங்குங்கள், பெருத்த கிழங்கு உள்ளே வேகாது. தணலுக்குள் போட்டால் தோலோடு அரை அங்குலம் கரியாகிவிடும். தணலின் ஓரத்தில் இருக்கும் சூட்டுச் சாம்பலில் புதைத்து, மேலே கொஞ்சம் தணலைப் பரப்ப வேண்டும். முக்கால் மணி நேரம், நடுவில் ஒரு முறை திருப்பி. கம்பியால் குத்தினால் தடையில்லாமல் இறங்க வேண்டும். நேந்திரம்பழத்தையும் தோலோடு பத்து நிமிஷம் இப்படிச் சுடலாம். பிளந்து நாட்டுச்சர்க்கரை தூவினால் பிள்ளைகளுக்கு வேறு இனிப்பு வேண்டாம்.

கோழி கொண்டுவந்திருந்தால் அதற்கும் தணல்தான். கம்பியில் கோத்து, இடைவெளி விட்டு, திருப்பிக்கொண்டே இருந்து, பெரிய துண்டு ஒன்றை வெட்டிப் பார்த்து உள்ளே இளஞ்சிவப்பு இல்லை என்று உறுதி செய்த பிறகே பரிமாறுங்கள். பச்சைக் கறி வைத்த தட்டில் வெந்ததை வைக்கக் கூடாது.

பிள்ளைகளும் தீயும்

அடுப்பைச் சுற்றி மூன்றடிக்குக் கோலப்பொடியால் ஒரு வட்டம் போடுங்கள். கோட்டுக்குள் ஓடக் கூடாது, பெரியவர் கூப்பிட்டால் மட்டும் நடந்து வரலாம். இந்த ஒரே சட்டத்தைச் சின்னப் பிள்ளைகளும் புரிந்துகொள்கிறார்கள். பளபளக்கும் நைலான், பாலியஸ்டர் உடை வேண்டாம், அது உருகித் தோலில் ஒட்டும். பருத்தி போடுங்கள், துப்பட்டாவையும் முந்தானையையும் இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள். வாளித் தண்ணீர் ஒன்று தீ மூட்டும் முன்பே அடுப்பருகே வந்துவிட வேண்டும்.

சுட்டுக்கொண்டால் உடனே சாதாரணத் தண்ணீரை இருபது நிமிஷம் ஊற்றிக்கொண்டே இருங்கள். பற்பசை, மாவு, ஐஸ் எதுவும் வேண்டாம். கொப்புளம் பெரிதாக இருந்தாலோ, முகம், கை, மூட்டு என்றாலோ மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். ஆம்புலன்ஸுக்கு 108, எந்த அவசரத்துக்கும் 112.

இன்னொன்றை மிகுந்த கவலையோடு சொல்கிறேன். டிசம்பர், ஜனவரி இரவுகளில் குளிர் 15 டிகிரியை ஒட்டி இறங்கும்போது, மிச்சமிருக்கும் தணலை ஒரு சட்டியில் போட்டுக் கூடாரத்துக்குள் வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றும். கூடவே கூடாது. எரியும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூக்கத்திலேயே உயிர் போய்விடும். காரின் உள்ளேயும் அப்படித்தான். குளிருக்குக் கம்பளியும் காதை மூடும் தொப்பியும்தான்.

அணைப்பதும் கழுவுவதும்

தூங்கப் போக முக்கால் மணி நேரம் இருக்கும்போதே விறகு சேர்ப்பதை நிறுத்திவிடுங்கள். மண்ணை அள்ளி மூடினால் தீ அணைந்த மாதிரி தெரியும், ஆனால் கங்கு உள்ளே மணிக்கணக்காக உயிரோடு இருக்கும். காலையில் வெறுங்காலோடு ஓடிவரும் பிள்ளை அதில்தான் மிதிக்கும். தண்ணீர் ஊற்றுங்கள், நீளக் கம்பால் கிளறுங்கள், மறுபடி ஊற்றுங்கள். சீறும் ஓசை நின்றதும் புறங்கையைச் சாம்பலுக்கு மேலே காட்டிப் பாருங்கள். சூடு தெரிந்தால் இன்னொரு முறை.

மிச்சச் சோறு, முட்டைத் தோல், பழத்தோல் எல்லாவற்றையும் இறுகக் கட்டிக் காரில் வையுங்கள். கூடாரத்துக்குள் பிஸ்கட் பொட்டலம்கூட வேண்டாம். எறும்பிலிருந்து குரங்கு வரைக்கும் அது அழைப்பு. பாத்திரத்தை ஏரியிலோ ஓடையிலோ இறக்கிக் கழுவாதீர்கள். நீர்நிலையிலிருந்து இருநூறு அடியாவது தள்ளி, கேன் தண்ணீரில், சாம்பலும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்த்தால் எண்ணெய்ப் பிசுக்கு போய்விடும். கழுவிய நீரை ஒரே இடத்தில் கொட்டாமல் மண்ணில் பரவலாகத் தெளியுங்கள்.

காலைக்கு வேண்டிய சிராய், நார், சுள்ளியை இரவே ஒரு பையில் போட்டுக் காருக்குள் வைத்துவிட வேண்டும். பனியில் எல்லாம் நனைந்திருக்கும். காலைச் சமையலை ஒரே பாத்திரத்தில் முடித்துக்கொள்வோம்: சேமியா உப்புமா. வறுத்த சேமியா இரண்டு கப்புக்கு நான்கு கப் தண்ணீர். டிசம்பர், ஜனவரி என்றால் பெங்களூர் முழுக்க அவரைக்காய் மணக்கும் காலம். உரித்த அவரைக் கொட்டை ஒரு கப் வீட்டிலேயே வேகவைத்து ஐஸ் பெட்டியில் கொண்டுவந்திருந்தால் தாளிப்போடு சேர்த்துவிடுங்கள். கன்னடத்துக்காரர்கள் ரவையில் செய்யும் அவரைக்காய் உப்பிட்டின் ருசி சேமியாவிலும் நன்றாகவே வருகிறது.

கிளம்பும் முன் அடுப்பை மறுபடி தண்ணீர் விட்டு அணைத்து, ஆறிய சாம்பலைப் பண்ணைக்காரரிடம் கேட்டுவிட்டுச் செடிகளுக்குப் போடுங்கள். செங்கல் எடுத்த இடத்துக்கே போகட்டும், மிஞ்சிய விறகைக் கூரைக்குக் கீழ் அடுக்கிவிடுங்கள். பணியாரக்கல்லை ஈரத்தோடு பையில் போட்டால் வீடு வருவதற்குள் துரு ஏறும். துடைத்து, குழிகளில் ஒரு சொட்டு எண்ணெய் தடவி, பழைய செய்தித்தாளில் சுற்றி எடுத்துவையுங்கள்.